மிஸ்டு காலுக்கு உயிர்ச்சான்று

உறுவையாறு ஊர்க்காரன் சிலம்பரசன் செஞ்ச ஒரே தப்பு, ஒழுங்கா வேலை செய்யற ஒரு புரோகிராமை எழுதினதுதான். அதுல ஒரு கோளாறாவது வெச்சுத் தொலைச்சிருந்தான்னா இந்த வம்பே வந்திருக்காது.

விஷயம் ரொம்பச் சின்னது. கழனிக்குத் தண்ணி எறைக்கற மோட்டார் ஓடணும்னா மூணு பேஸ் கரண்ட்டு வரணும். அது காலைல வருமா, மத்தியானம் வருமா, வந்தா எவ்ளோ நேரம் நிக்கும்னு பகவானுக்கே தெரியாது. கழனிக்காரங்க எல்லாம் மோட்டார் கொட்டாய்ல உக்காந்து பல்பையே பாத்துக்கினு கெடப்பாங்க. சிலம்பரசன் இன்னா பண்ணான், டிரான்ஸ்பார்மர் கம்பத்துல சோத்து டப்பா சைஸ்ல ஒரு பொட்டியை மாட்டினான். மூணு பேஸ் வந்த உடனே அந்தப் பொட்டி, கழனிக்காரங்க செல்லுக்கெல்லாம் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா ரெண்டு ரிங் குடுத்துட்டு கட் பண்ணிடும். யாரும் எடுக்கக் கூடாது, எடுக்கவும் மாட்டாங்க. பொட்டி நம்பர்ல இருந்து மிஸ்டு கால் வந்தா கரண்ட்டு வந்தாச்சு, ஓடிப் போய் மோட்டாரைப் போடுன்னு அர்த்தம். காசும் ஆவாது, பேச்சும் கிடையாது.

அந்த ரெண்டு ரிங்கை நம்பித்தான் அவனோட அக்கா ஜெயசுதா குத்தகைக்கு நெலம் புடிச்சுப் பொன்னி நட்டிருந்தா. ஊர் எல்லையில இருக்கற சோப்புக் கம்பெனியில அவளுக்குப் பகல் வேலை. புருஷன் லாரியில ஏறிட்டா எப்ப எறங்குவான்னு சொல்ல முடியாது. செல்லு ரெண்டு வாட்டி அடிச்சா சூப்பர்வைசர் கிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு, ஸ்கூட்டியை முறுக்கிக்கினு வந்து மோட்டாரைப் போட்டுட்டு ஓடிடுவா. ஜெயசுதாவுக்கு இருக்கற வயித்து வலிக்கு அந்தக் கம்பெனியே கவலைப்பட்டுச்சு. நெலத்துக்காரர் டவுன்ல இருந்தாரு. போன போகம் வெள்ளத்துல போச்சு, இந்த போகமும் பொய்ச்சுதுன்னா நெலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால அந்தப் பயிர் அவளுக்கு வெறும் பயிர் இல்லை.

சிலம்பரசன் தன்னோட புரோகிராமை இன்டர்நெட்டுல தெறந்து போட்டு வெச்சிருந்தான். யார் வேணா பாக்கலாம், எடுத்துக்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்லுவாங்க. இந்த மாதிரி தெறந்து கெடக்கறதையெல்லாம் பாதுகாக்கறதுக்குன்னே வில்லியனூர்ல ஒரு மாடியில 'திறமூலத் திட்டங்களின் உயிர்ப்பு மதிப்பீட்டு மையம்'னு ஒண்ணு இருந்துச்சு. பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மாடிப்படி ஏறி முடிச்சிடலாம். பொட்டியைக் கம்பத்துல மாட்டற அனுமதி, அது ரிங் குடுக்கற நம்பர், புரோகிராம் ஓடற சர்வர், எல்லாமே மையத்தோட பேர்லதான். உபகாரந்தான், இல்லைன்னு சொல்லல. மையம் சும்மா இருந்த வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அப்பறம் மையத்துக்கு ஏஐ வந்துச்சு.

ஏற்கனவே அங்க ஒரு டேஷ்போர்டு இருந்துச்சு. ஒவ்வொரு திட்டத்துலயும் எத்தனை பேர் வேலை செய்யறாங்க, எவ்ளோ மாத்தறாங்க, எத்தனை புகார் வருது, எத்தனை தீருதுன்னு கலர் கலரா காட்டும். அதை யாரும் பாத்தது இல்லை. தொழில்நுட்ப அலுவலர் செல்வகுமாரி மேடம் மட்டும் எப்பவாவது அந்தத் திரையில மொகம் பாத்துப் பொட்டு சரி பண்ணுவாங்க. இப்ப அந்த டேஷ்போர்டோட 'நாடி'ன்னு ஒரு ஏஐ உதவியாளரை இணைக்கப் போறாங்க. கேட்டா அதுவே எண்களைப் படிச்சு, எந்தத் திட்டம் உயிரோட இருக்கு, எது போய்ச் சேந்துடுச்சுன்னு தமிழ்ல சொல்லும்.

இணைப்பு வேலையைச் செல்வகுமாரி மேடம் மொத நாளே, டீ ஆறறதுக்குள்ள முடிச்சிட்டாங்க. ஆனா இயக்குநர் தேவேந்திரனுக்கு அது பிடிக்கல. இணைப்புன்னா மக்கள் கண்ணுக்குத் தெரிய வேணாமான்னு கேட்டாரு. அதனால கட்டை வெரல் தடிமனுக்கு மஞ்சள் கேபிள் ஒண்ணு வாங்கி, ஒரு மேஜையில இருந்து எதிர் மேஜைக்கு இழுத்து, நடுவுல ரோஜாப்பூ சுத்தி ரிப்பன் கட்டினாங்க. கேபிளோட ரெண்டு முனையும் எதுலயும் சேரல. மேஜைக்குப் பின்னால டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க. திட்டக்காரங்க எல்லாரும் கண்டிப்பா வரணும்னு உத்தரவு, சிலம்பரசனும் போயி பின்வரிசையில உக்காந்தான்.

இயக்குநர் ரிப்பனை வெட்டிட்டு மைக்கைப் பிடிச்சாரு.

"நேற்றுவரை இந்த மையத்தில் தகவல் இருந்தது, அறிவு இல்லை. இன்றுமுதல் அறிவை வெளியிலிருந்து தருவித்துவிட்டோம். இனிமேல் இந்த மையத்தில் பணிபுரியும் யாரும் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கை தட்டுனாங்க. மையத்து ஊழியர்கள் மனசாரத் தட்டுனாங்க.

அன்னைக்கே இன்னொரு அறிவிப்பும் வந்துச்சு. இனிமே ஒவ்வொரு திட்டமும் நாடி கிட்ட உயிர்ச்சான்று வாங்கணும். பாண்டிச்சேரியில பிரெஞ்சு பென்ஷன் வாங்கற பெருசுங்க, நான் இன்னும் சாவலைன்னு வருஷா வருஷம் போய் நின்னு காட்டிட்டு வருவாங்க இல்ல, அதே கதைதான். சான்று கிடைக்காத திட்டத்துக்கு சர்வர் கட், நம்பர் கட், பொட்டியும் எறங்கிடும்.

அடுத்த வாரமே சிலம்பரசனை மையத்துக்குக் கூப்பிட்டாங்க. செல்வகுமாரி மேடம் மொகத்தைத் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி வெச்சுக்கிட்டு ஒரு தாளை நீட்டினாங்க. அவன் படிச்சான்: 'மாற்றங்கள்: இல்லை. புகார்கள்: இல்லை. பங்களிப்பாளர்: ஒருவர். அழைப்புகளை ஏற்றவர்கள்: எவரும் இல்லை. எண்களில் உயிர்ப்பின் அறிகுறி தென்படவில்லை.'

"யாருமே போனை எடுக்கலையே தம்பி," என்றாங்க மேடம். "இத்தனை கால் போயிருக்கு, ஒருத்தர் கூட எடுக்கல. உங்க ஊர்ல உங்க மேல அவ்வளவு வெறுப்பா?"

"எடுக்கக் கூடாது மேடம். அது மிஸ்டு கால். ரெண்டு ரிங் வந்தா கரண்ட்டு வந்துடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"அது அவங்களுக்குத் தெரியும். டேஷ்போர்டுக்கு எப்படித் தெரியும்? எடுக்காத கால் தோல்வி கால். அது சிவப்புலதான் வரும்."

"புகார் இல்லைன்னா நல்லதுதானே மேடம். ஒழுங்கா ஓடுது, அதான் யாரும் சொல்லல. நானும் அதனாலதான் எதையும் மாத்தல."

"செத்தவங்களும்தான் புகார் சொல்றதில்லை," என்றாங்க மேடம்.

சிலம்பரசன் எட்டி அவங்க திரையைப் பாத்தான். தாள்ல இல்லாத சில வரி அங்க கீழ இருந்துச்சு. 'ஆனால் திட்டம் நன்றாக ஓடுவதாலும் மாற்றமோ புகாரோ இல்லாமல் இருக்கலாம். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயன்படுத்துபவர்களிடம் நேரில் கேட்டுப் பாருங்கள்' அப்படின்னு நாடி எழுதியிருந்துச்சு.

"மேடம், கீழ அதுவே சொல்லுதே."

"அது அடிக்குறிப்பு. நம்ம படிவத்துல அடிக்குறிப்புக்கு இடம் கிடையாது."

அவன் விடாம இயக்குநர் ரூமுக்கே போய்க் கேட்டான். தேவேந்திரன் ரொம்பப் பொறுமையா வெளக்கினாரு. "நேர்ல போய்க் கேக்கறதுன்னா எந்த ஊர்க்காரனும் கேட்டுடலாமே தம்பி. அதுக்கு எதுக்கு ஒரு மையம், ஒரு இயக்குநர், ஒரு ஏசி?"

கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. பொழைக்கறதுக்கு ஒரு தவணை குடுத்தாங்க, அதுக்குள்ள உயிரைக் காட்டணும்.

கீழ டீக்கடையில நல்லவாடு குப்பத்து அருள்முருகன் நின்னுக்கினு இருந்தான். படகுக்காரன் புள்ளை, மீன் ஏலத்துக்கு ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கான். மையத்துலேயே மொத பச்சை அவன் திட்டந்தான்.

"இன்னாபா, ஒன்னுது செத்துடுச்சாமே," என்றான்.

"நல்லா ஓடுதுடா."

"அதான் ஒன் தப்பு. என்னுதைப் பாரு, ஒரு நாள் ஒழுங்கா ஓடுனது இல்லை. வஞ்சரத்துக்கு மத்தி வெலை காட்டும். பொம்பளைங்க கரையில நின்னு என்னை அசிங்க அசிங்கமா திட்டி எழுதுவாங்க. நான் ஒண்ணைத் திருத்துவேன், வேற ஒண்ணு புட்டுக்கும். மறுபடி திட்டுவாங்க. மையத்துல இன்னா சொல்றாங்க தெரியுமா? துடிப்பான சமூகமாம். எங்க மீன்காரங்க என்னை எங்கம்மாவோட சேத்து திட்டறது அவங்களுக்குத் துடிப்பாத் தெரியுது." டீயை உறிஞ்சிட்டு, "ஊர்க்காரங்களைப் புடிச்சு எதையாவது எழுத வைப்பா. ஓடற வண்டியை எவன் திரும்பிப் பாக்கறான்," என்றான்.

சிலம்பரசனுக்கு வேற வழி தெரியல. மையமே அவனுக்கு உதவ முன்வந்துச்சு. உதவியை விட மோசமானது எதுவும் இல்லைன்னு அவனுக்கு அப்பத் தெரியாது. செல்வகுமாரி மேடம் ஊருக்கே வந்து சமுதாயக் கூடத்துல பயிற்சி வகுப்பு எடுத்தாங்க. 'அழைப்பை ஏற்பது எப்படி'ன்னு தலைப்பு. செல்லு அடிச்சா பச்சையைத் தள்ளணும், காதுல வெக்கணும், வணக்கம் சொல்லணும். கழனிக்காரங்க வாயைத் தெறந்து பாத்துக்கினு இருந்தாங்க. மாமனார் வூட்டு காலையே எடுக்காதவங்க அதுல பாதிப் பேரு.

ஆனா ஊர்க்காரங்க நல்லவங்க. புள்ளாண்டான் திட்டம் போயிடக் கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்கினாங்க. மறுநாள் மூணு பேஸ் வந்துச்சு. மொத ரிங் வைத்திலிங்கத்துக்கு. ஊர்ல பெரிய கழனி அவரோடதுதான். எடுத்தாரு.

"வணக்கம், யாருங்க பேசறது? கரண்ட்டு வந்துடுச்சுங்களா? ரொம்ப சந்தோஷம். வூட்ல எல்லாம் சௌக்கியமா?"

பொட்டி என்னத்தைப் பேசும். எதிர்ல சத்தம் இல்லைன்னதும் டவர் இல்லை போலன்னு மாட்டுக் கொட்டாய்க்கு வெளிய வந்து, அப்பறம் மாடியேறி, நிதானமா பேசிட்டு வெச்சாரு. அடுத்தது அவரோட பங்காளி சிங்காரவேலு. வைத்திலிங்கம் இவ்ளோ நேரம் பேசியிருக்காருன்னா தான் கொறைஞ்சா போயிட்டோம்னு அவர் இன்னும் கொஞ்சம் நேரம் பேசினாரு. இருக்கறது ஒரே லைன். ஒருத்தர் வெச்சாத்தான் அடுத்தவருக்குப் போவும். ஜெயசுதா கழனி கடைமடையில, பேரும் கடைசி. அவளுக்கு ரிங் வந்து, அவ ஸ்கூட்டியில பறந்து வந்து கொட்டாயைத் தெறந்தப்போ பல்பு அணைஞ்சிடுச்சு.

"டேய்," என்றா தம்பி கிட்ட, "ஒன் பொட்டி இப்பல்லாம் கரண்ட்டு போனதைத்தான் எனக்குச் சொல்லுது."

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. சான்று வந்துட்டா பழையபடி ஆக்கிடறேன். இல்லைன்னா பொட்டியையே எறக்கிடுவாங்க."

"பயிரு கதிர் வாங்கியிருக்குடா. அது கிட்டயும் பொறுத்துக்கச் சொல்லி ஒன் மையத்துல ஒரு சான்று வாங்கிக் குடு," என்றா ஜெயசுதா. சொல்லிட்டு வயித்து வலியோட கம்பெனிக்கு ஓடினா.

டேஷ்போர்டுல சிவப்பு மஞ்சளாச்சு. 'சராசரி உரையாடல் நேரம் சிறப்பு'ன்னு மையம் பாராட்டுக் கடிதம் அனுப்புச்சு.

அடுத்த கொறை பங்களிப்பாளர். "ஒரே ஆளை நம்பி ஒரு திட்டம் இருக்கலாமா?" என்றாங்க செல்வகுமாரி மேடம். "நாளைக்கு நீங்க லாரியில அடிபட்டா திட்டத்தோட கதி என்ன? அதுக்கு ஒரு அளவீடே இருக்கு தம்பி."

"நான் அடிபட்டா எங்கம்மா கதி இன்னான்னு அதுல வருமா மேடம்?"

"அந்தக் கட்டம் இல்லை," என்றாங்க மேடம்.

சரி, ஊர்க்காரங்க கையால எதையாவது மாத்த வெக்கணும். வேலை செய்யற பகுதியில கை வெக்க விட்டா போச்சு. அதனால சிலம்பரசன் ரொம்ப யோசிச்சு, 'பங்களிப்பாளர் பெயர்கள்'னு தனியா ஒரு கோப்பைத் தெறந்து, செல்லுல இருந்தே அவங்கவங்க பேரைச் சேக்கறது எப்படின்னு வூடு வூடாப் போய்ச் சொல்லிக் குடுத்தான். சேக்கறது ஒவ்வொண்ணும் ஒரு மாற்றம்னு கணக்காவும், அவ்ளோதான்னு நெனைச்சான். பாவம், சொந்த ஊரைப் பத்தி அவனுக்கே தெரியல.

நம்ம ஊர்ல பேரு வரிசையா வர எடம் கல்யாணப் பத்திரிகையும் டிஜிட்டல் பேனரும்தான். வரிசையில யாரு மேல, யாரு கீழன்னு வெட்டுக்குத்து வரைக்கும் போன ஊரு. வைத்திலிங்கம் மொத ஆளா, அப்பா பேரு, தாத்தா பேரு, கோயில் தர்மகர்த்தா பட்டம் எல்லாத்தோடயும் தன் பேரைப் போட்டாரு. சிங்காரவேலு பாத்தாரு. வயசுல மூத்தவன் நானிருக்க அவன் பேரு மேலயான்னு, தன் பேரை அதுக்கு மேல போட்டாரு. வைத்திலிங்கம் அதைத் தூக்கிக் கீழ போட்டாரு. இவர் மறுபடி மேல. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல ரெண்டு பேரும் பல்லு வெளக்கக் கூட எழுந்திரிக்கல. அப்பறம் தாய்மாமன் பேரை விட்டுட்டாங்கன்னு ஒரு தெருவே கோவிச்சுக்கினு போச்சு. கரியமாணிக்கத்துல இருந்து சம்பந்தி வூட்டுக்காரங்க, எங்க பேரு இல்லாம உங்க ஊர்ல ஒரு நல்ல காரியமான்னு கேட்டுக்கினு உள்ள வந்தாங்க. செத்துப் போனவங்க பேரு 'தெய்வத்திரு' போட்டு வந்துச்சு. 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு கீழ ஒருத்தர் சேத்தாரு. எதுக்கு நல்வரவுன்னு யாரும் கேக்கல.

புகார்ப் பெட்டியும் நெறைஞ்சுது. 'என் பேருக்குக் கீழ அவன் பேரு இருந்தா நான் இருக்க மாட்டேன்'னு ஒண்ணு. 'மச்சான் பேரு ரெண்டு வாட்டி, என் பேரு ஒரு வாட்டி'ன்னு ஒண்ணு. சிலம்பரசன் உக்காந்து ஒவ்வொண்ணையா சமாதானம் பண்ணி மூடினான். மூடினா மூடின வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு.

நாடி அறிக்கையில எல்லாத்தையும் எழுதியிருந்துச்சு: 'மாற்றங்கள் மிகவும் கூடியிருக்கின்றன. ஆனால் அத்தனையும் பெயர்க் கோப்பு ஒன்றில் மட்டுமே. பெயர் வரிசை குறித்து ஒரு சண்டை நடப்பதாகத் தோன்றுகிறது. இதைத் திட்டத்தின் வளர்ச்சி என்று கொள்வது சரியாக இருக்காது.' மொத வரி பேனராச்சு. மிச்சம் அடிக்குறிப்பாச்சு.

இப்படியாக மூணு பேஸ் திட்டம் நல்லவாட்டு மீனை முந்திக்கினு மையத்துல மொதலிடத்துக்கு வந்துச்சு. விருது குடுக்கறதுன்னு முடிவாச்சு. விருதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும்னு இயக்குநருக்குத் தோணுச்சு. 'தூய்மை வாரம்'னு அறிவிச்சாரு. ரொம்ப நாளா யாரும் தொடாத கோப்பெல்லாம் செயலற்ற கோப்பு, அதை எடுத்துட்டா உயிர்ப்பு விகிதம் இன்னும் ஏறும்.

மூணு பேஸ்ல தொடாத கோப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. ரிங் குடுக்கற கோப்பு.

மையத்துலயும் முறைப்படிதான் செஞ்சாங்க. நாடி கிட்ட கேட்டாங்க. 'இதை நீண்ட நாளாக யாரும் மாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் இந்தத் திட்டத்தின் வேலை முழுவதும் இதில்தான் நடக்கிறது. இதை நீக்கினால் அழைப்புகள் நின்றுவிடும். நீக்க வேண்டாம்' என்று பதில் வந்துச்சு. செல்வகுமாரி மேடம் அதை இயக்குநர் கிட்ட படிச்சுக் காட்டினாங்க. அவங்க மொகத்துல கொஞ்சம் தயக்கம் இருந்துச்சுன்னு சொல்லணும், அந்த மட்டும் நல்லவங்க.

தேவேந்திரன் கண்ணாடியைக் கழட்டினாரு. "அது பரிந்துரைதானேம்மா? ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். முடிவெடுக்கறதையும் மெஷின் கிட்ட குடுத்துட்டா இந்த நாற்காலியில நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?" அப்படின்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. பதவியேத்ததுல இருந்து அவர் சொந்தமா யோசிச்சு எடுத்த மொத முடிவு அதுதான்.

அன்னையோட ரிங் நின்னுச்சு. மத்த கழனிக்காரங்க பழையபடி கொட்டாய்ல உக்காந்து பல்பைப் பாத்துக்கினு கெடந்தாங்க. சிலம்பரசன் திரும்பப் போடலாம்னு பாத்தா, விருது விழா முடியற வரைக்கும் யாரும் எதையும் மாத்த முடியாதபடி எல்லாத்துக்கும் பூட்டு. மாடிக்கு ஓடினான். டேஷ்போர்டு வழியாப் புகார் குடுங்கன்னாங்க. குடுத்தான். அது மச்சான் பேரு, தாய்மாமன் பேருன்னு வந்து நிக்கற புகார்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னுச்சு. முறை தவறக் கூடாது இல்ல.

ஜெயசுதா கம்பெனிக்கு லீவு போட்டுட்டு மோட்டார் கொட்டாய்லயே உக்காந்தா. ரெண்டு நாளைக்கு மேல லீவு இல்லைன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். அவ போற நேரம் பாத்துக் கரண்ட்டு வரும், வர நேரம் பாத்துப் போவும். கதிரெல்லாம் பால் புடிக்கற நேரம். அப்ப தண்ணி காட்டலைன்னா நெல்லு சாவியாப் போயிடும், தோலு இருக்கும், உள்ள அரிசி இருக்காது. வயல் வெடிப்பு விட ஆரம்பிச்சுது. சிலம்பரசன் அவ மொகத்தைப் பாக்கறதையே வுட்டுட்டான்.

விருது நாள் வந்துச்சு. பங்களிப்பாளர்கள் எல்லாரும் கட்டாயம் வரணும், துடிப்பான சமூகத்தைச் சிறப்பு விருந்தினர் கண்ணால பாக்கணும்னு மையம் வேனே அனுப்புச்சு. ஊரு மொத்தமும் ஏறுச்சு. ஜெயசுதா மாட்டேன்னா.

"கூட்டம் கொறைஞ்சா சான்றையே நிறுத்திடுவோம்னு சொல்றாங்கக்கா," என்றான் சிலம்பரசன். "விழா முடிஞ்ச உடனே பூட்டைத் தொறப்பாங்க. அந்த நிமிஷமே கோப்பைத் திரும்பப் போட்டுடறேன். இந்த ஒரு நாள் வாக்கா."

அவ வேன்ல ஏறினா.

மேடையில வைத்திலிங்கமும் சிங்காரவேலும் யாரு மொத நாற்காலின்னு தள்ளிக்கினு இருந்தாங்க. இயக்குநர் பேசினாரு. "ஒரு காலத்தில் இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தார், ஒரே ஒரு வேலை நடந்தது. இன்று ஊரே இருக்கிறது. இந்த வளர்ச்சிக்கு எந்த வேலையும் தடையாக இருக்கக் கூடாது என்பதில் மையம் உறுதியாக இருந்தது." அப்பறம் நாடியோட திரையைப் பெருசாக் காட்டி, பயனாளிகள் யாராச்சும் மேல வந்து நேரடியா ஒரு கேள்வி கேக்கலாம்னாரு. யாரும் அசையல. ஜெயசுதா எழுந்து போனா.

மைக்கை வாங்கிக் கேட்டா. "எங்க ஊர்ல இப்ப மூணு பேஸ் கரண்ட்டு இருக்குதா?"

நாடி குரல் தெளிவா வந்துச்சு.

"மன்னிக்கவும் அம்மா, எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த நிரல் தூய்மை வாரத்தில் நீக்கப்பட்டுவிட்டது. நீக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். உங்கள் பயிருக்கு இது அவசரமாக இருந்தால், ஊரில் இருக்கும் யாரையாவது போனில் கேளுங்கள். அதுதான் இப்போது சரியான வழி."

சிறப்பு விருந்தினர் எழுந்து நின்னு கை தட்டினாரு. "என்ன அழகான தமிழ், என்ன பணிவு," என்றாரு. கூடமே தட்டுச்சு. இயக்குநர் நெஞ்சுல கை வெச்சுக் குனிஞ்சாரு. ஜெயசுதா ஊர்ல யாரைக் கேக்கறதுன்னு செல்லைப் பாத்துக்கினு மேடையிலேயே நின்னா. கேக்கறதுக்கு ஊர்ல இருந்த ஆளுங்க எல்லாம் எதிர்ல உக்காந்து கை தட்டிக்கினு இருந்தாங்க.

வேன் திரும்பினப்போ பொழுது சாயற நேரம். டீக்கடை கலியம்மாள் மட்டும் கடையை வுட்டுட்டு வர முடியாதுன்னு ஊர்லயே இருந்திருக்கா. "மத்தியானம் பூரா மூணு பேஸ் நின்னுச்சுபா," என்றா. "இவ்ளோ நேரம் நின்னு நான் பாத்ததே இல்லை. ஒரு மோட்டார் கூட ஓடல. ஊர்ல சாவான்னு நெனைச்சுக்கினேன்."

சிலம்பரசன் அக்காவைப் பாத்து, "அக்கா," என்றான். அவன் அழுதான். கையில விருது வேற இருந்துச்சு, கண்ணைத் தொடைக்கக் கூட ஒரு கைதான் இருந்துச்சு.

"வுடுடா," என்றா ஜெயசுதா. "நீ ஒண்ணும் தப்பாப் பண்ணல. ஒழுங்கா பண்ணிட்ட, அதான்."

பூட்டைத் தொறக்கறதுக்கு மையத்துல நாலு கையெழுத்து வேணும்னாங்க. அது வந்து, ரிங் திரும்பி வந்தப்போ கதிரெல்லாம் விறைச்சுக்கினு நேரா நின்னுச்சு. நெல்லு புடிச்ச கதிர் தலை சாயும். இது எதுக்கும் தலை சாயல. நெலத்துக்காரர் டவுன்ல இருந்து வந்து பாத்தாரு, ஒரு கதிரை உருவி ஊதினாரு, எல்லாம் பறந்துச்சு. சத்தம் போடல, நல்ல மாதிரிதான் பேசினாரு. அடுத்த போகத்துக்கு வேற ஆளு சொல்லியிருக்கேம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஜெயசுதா அறுவாளோட எறங்கி அறுத்துக்கினு இருந்த அன்னைக்கு, மையத்து ஜீப்பு வரப்போரம் வந்து நின்னுச்சு. வெற்றிக் கதைன்னு வீடியோ எடுக்கறாங்களாம். செல்வகுமாரி மேடம் செருப்பைக் கையில எடுத்துக்கினு வரப்பு மேல நின்னாங்க. விறைச்சு நின்ன பயிரைப் பாத்த கேமராக்காரன், என்ன கம்பீரமா நிக்குது மேடம்னு சந்தோஷப்பட்டான். மத்த வயல்ல எல்லாம் தொங்கிப் போய்க் கெடக்குதுன்னு சொன்னான். அக்காவை நடுவுல நிக்க வெச்சு மைக்கை நீட்டினான்.

"சொல்லுங்கக்கா, இந்தத் திட்டத்தால உங்களுக்கு என்ன கெடைச்சுது?"

ஜெயசுதா கையில இருந்த கத்தையைப் பாத்தா.

"வைக்கோலு," என்றா.

செல்வகுமாரி மேடம் தலையைக் குனிஞ்சுக்கினாங்க. கேமராக்காரனுக்கு ஒண்ணும் வெளங்கல. "சூப்பர்க்கா. இன்னொரு வாட்டி சொல்லிடுங்க, இந்த வாட்டி கொஞ்சம் சிரிச்ச மாதிரி," என்றான்.

அவ கத்தையை அவன் காலடியில போட்டுட்டு, அறுக்காம கெடந்த மிச்சத்தைப் பாக்கக் குனிஞ்சா.